மைதாதானே, கோதுமை இல்லையே!

"கோதுமையே கிடையாதும்மா. எங்க கடையில எல்லாமே மைதாதான்."

உளுந்தூர்பேட்டை தாண்டித் திருச்சி போகும் சாலையில், இரவு பத்தரை மணிக்கு, ஒரு ஓட்டலின் சப்ளையர் தம்பி இப்படிச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான், அதுவும் நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. என் மகள் பசியில் மேஜைமேல் தலைசாய்த்துக் கிடந்தாள். பதினோரு வயது. வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்த எலுமிச்சைச் சோறு செங்கல்பட்டிலேயே தீர்ந்துவிட்டது. வழியில் ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் இரண்டரை மணி நேரம் நகராமல் நின்றதில் என் கணக்கெல்லாம் குலைந்துபோனது. ஏழு வருடமாக நான் வீட்டை விட்டுக் கிளம்புவது ஒரு கணக்கோடுதான். எத்தனை மணி நேரப் பயணம், எத்தனை வேளைச் சாப்பாடு, எது கெடாமல் தாங்கும், வழியில் என்ன கிடைக்கும். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை நம்பும்படியான பதில் கிடைத்ததில்லை.

அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் மெல்லிய விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிடும் வழியும் கிடையாது. வாழ்நாள் முழுக்க க்ளூட்டனைத் தொடாமல் இருப்பது ஒன்றே வைத்தியம். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில், போரின் கடைசிக் கட்டத்தில், ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். வில்லம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் ஏற்கெனவே இருந்த சந்தேகம் அதில் வலுத்தது. 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை எழுதி வைத்தார். எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்துபோன விஷயம் இது.

எங்களுக்குத் தெரிய, மகளுக்கு நாலு வயதாக வேண்டியிருந்தது. வயிறு பானையாகவும் கைகால் குச்சியாகவும் இருந்த பிள்ளையை எல்லோரும் சவலை என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச் சத்து டானிக் கொடுத்தோம். ரத்தம் ஏறவே இல்லை. உடம்பு தேறட்டும் என்று என் மாமியார் சம்பா கோதுமையும் கம்பும் கேழ்வரகும் பயறும் தன் கையால் வறுத்து அரைத்து, சத்துமாவுக் கஞ்சி காய்ச்சி, இரண்டு வருடம் காலையும் மாலையும் ஊட்டினார். அது போதாதென்று பாலில் மால்ட் மாவு. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி என்று எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எண்டோஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். கோதுமையை நிறுத்திய ஆறாவது மாதம் அவள் பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டது, அவ்வளவு வளர்த்தி. மாமியாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சத்துமாவு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தவர், இன்றுவரை அதில் எதுவும் போட்டு வைப்பதில்லை.

க்ளூட்டன் எது என்று நம் ஊரில் காட்டுவதற்குப் பரோட்டாக் கடையைவிட நல்ல இடம் கிடையாது. மாஸ்டர் உருண்டையைத் தட்டி, எண்ணெய் தடவி, மேடையில் வீசுகிறார். உள்ளங்கை அளவு மாவு துண்டு அளவுக்கு விரிகிறது, அந்தப் பக்கம் இருப்பது தெரியுமளவுக்கு மெலிகிறது, ஆனால் கிழிவதில்லை. அந்த இழுவைதான் க்ளூட்டன். அரிசி மாவை அப்படி வீச முடியாது. இதைச் சொன்னால் பல மாஸ்டர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

புரிய வைக்க முடியாதது அளவு. ஒரு துண்டு ப்ரெட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் க்ளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர் நாளுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து மூன்று மாதம் சாப்பிட்டாலே குடற்சுவர் கெடுவதை ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். கரண்டியில் ஒட்டிய மாவுக்கும் கல்லில் சிந்திய துகளுக்கும் நான் பதறுவது இதனால்தான். என்னைச் சுத்தக்காரி என்றும் சந்தேகக்காரி என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பதிலை மட்டும் சரியாகச் சொன்னால் போதும்.

மைதாவுக்கு வருகிறேன். கோதுமையில் தவிட்டையும் முளையையும் நீக்கி மாவாக்கினால் மைதா. குருணையாக உடைத்தால் ரவை. அந்த ரவையைப் பிசைந்து இழையாகப் பிழிந்து காயவைத்தால் சேமியா. எல்லாம் ஒரே தானியம். ஆனால் நம் பேச்சில் கோதுமை என்றால் சப்பாத்தி மாவு மட்டும்தான். மைதா மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது என்று அடித்துச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் பேக்கரி வைத்திருப்பவர். "ரவா தோசை குடுங்க மேடம், அதுல அரிசி மாவுதான் ஜாஸ்தி" என்றார் ஒரு ஓட்டல் சூப்பர்வைசர். அதனால் இப்போதெல்லாம் கோதுமை என்று ஒற்றைச் சொல்லில் நான் கேட்பதில்லை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பூரி, ப்ரெட், ரஸ்க் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் அடுக்குகிறேன். அன்று உளுந்தூர்பேட்டையில் களைப்பு. முதல் சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாகப் படுகிறது. சோறு தின்று வளர்ந்த ஊரில் கோதுமைக்கு ஒரு மரியாதை உண்டு. காய்ச்சல் வந்தால் ப்ரெட். சர்க்கரை வந்தால் சப்பாத்தி. விரதம் என்றால் சோற்றை ஒதுக்கிவிட்டு ரவை உப்புமா. ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் முதலில் கண்ணில் படுவது பன்னும் ரஸ்க்கும்தான். நோயாளிக்குக் கொடுக்கிற பண்டமே ஒரு பிள்ளையை நோயாளி ஆக்கும் என்று சொன்னால் அந்தச் சொல் யார் மனதில் தங்கும்? டெல்லியில் இருக்கும் என் நாத்தனார் வேறு கதை சொல்கிறாள். அங்கே கோதுமை அலர்ஜி என்று இந்தியில் சொன்னால் சின்னக் கடைக்காரருக்கும் புரிகிறதாம். நவராத்திரி விரதத்தில் கோதுமையை விலக்கி, குட்டு மாவிலும் சிங்காடா மாவிலும் பூரி சுடுகிறவர்கள் அவர்கள். கோதுமை இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டை நினைத்துப் பார்க்க அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது.

அங்கே இந்த நோயும் அதிகம். வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் பெரியவர்களைப் பரிசோதித்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், வடக்கே 1.23 விழுக்காட்டினருக்கு சீலியாக் இருந்தது. தெற்கே 0.10. ஆயிரத்தில் ஒருவர். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மட்டும் இரு பக்கமும் குறைவில்லாமல் இருந்தது. அங்கே அவர்கள் தின்கிற கோதுமை நம்மைவிடப் பல மடங்கு. எனக்குக் கவலை தருவது இதுதான். மரபணு நம்மிடமும் இருக்கிறது. தட்டில் கோதுமை ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரிக்குப் பரோட்டா, பள்ளிக்கூட டப்பாவில் நூடுல்ஸ், விடுமுறைக்குப் பர்கர். சவலை என்றும் ரத்தசோகை என்றும் பெயர் சொல்லி டானிக் கொடுக்கப்படும் பிள்ளைகளில் என் மகளைப் போன்றவர்கள் எத்தனை பேரோ.

"நம்ம ஊர்ல உனக்கென்ன கவலை, இட்லி தோசைதானே" என்று சொல்லாத உறவினர் இல்லை. முதல் மாதம் நானும் அப்படித்தான் நம்பினேன். இட்லியில் அரிசியும் உளுந்தும். சட்னியில் தேங்காய். சாம்பாரில் பருப்பு. கோதுமை எங்கிருந்து வரும்? பெருங்காய டப்பாவிலிருந்து வந்தது. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் பெருங்காயம். அதன் நெடி தாங்காது என்பதால் கோந்தும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை. அரிசி மாவு சேர்த்துச் செய்வதும் கிடைக்கிறது, ஆனால் தேடி வாங்க வேண்டும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து தினமும் கையில் எடுத்த டப்பாவை நான் ஒருநாளும் திருப்பிப் படித்ததில்லை.

பெருங்காயம் போகாத இடம் நம் சமையலில் எது? சாம்பார், ரசம், வெண்பொங்கல், மெதுவடை, இட்லிப் பொடி, தயிர்சாதத் தாளிப்பு, கோயில் புளியோதரை. இத்தனையையும் கழித்துவிட்டால் ஓட்டலில் எங்களுக்கு மிஞ்சுவது வெறும் இட்லியும் சர்க்கரையும். தோசை கேட்கலாமே என்றால், மாவு சுத்தம், கல் சுத்தமில்லை. சாயங்காலத்துக்குமேல் பல கடைகளில் ஒரே கல்தான். இந்த ஓரம் பரோட்டா, அந்த ஓரம் தோசை. தண்ணீர் தெளித்துத் தென்னங்குச்சி விளக்குமாற்றால் ஒரு தள்ளு. அதே விளக்குமாறு காலையில் ரவா தோசையையும் கோதுமை தோசையையும் கூட்டியிருக்கும்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கிறது. ஆறு மணிக்கு அடுப்பு பற்றினால் அந்த வாசனை எங்கள் மாடி வரைக்கும் வரும். சிக்கன் ரைஸ், எக் ரைஸ், நூடுல்ஸ், கோபி 65. மகளின் தோழிகள் எல்லோரும் அங்கே வாங்கித் தின்றிருக்கிறார்கள். அவள் கேட்டதே இல்லை. சன்னலோரம் நின்று வாசனை பிடித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் அவள் பிறந்தநாளன்று வண்டிக்காரத் தம்பியிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோயா சாஸில் சோயா மட்டும் கிடையாது, கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள், அது வேண்டாம் என்றேன். கோபியும் சிக்கனும் பொரிக்கிற மாவில் மைதா இருக்கிறது, அந்த எண்ணெயும் வேண்டாம் என்றேன். வீட்டு எண்ணெயும் முட்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் கண்ணெதிரே வாணலியைத் தேய்த்துக் கழுவி, வெறும் மிளகும் உப்பும் போட்டு எக் ரைஸ் கிளறிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

இரண்டு வாய் தின்றபின் மகள் தட்டிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினாள். அரை விரல் நீள நூடுல்ஸ். தம்பியின் முகம் வாடிவிட்டது. "சட்டியக் கழுவினேனே அக்கா" என்றார். கழுவியது நிஜம். கரண்டியைக் கழுவவில்லை. அதை நானும் பார்க்கவில்லை. அன்று இரவு நாலு தடவை வாந்தி. மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தபடி அவள் சொன்னது, "அந்த அண்ணன்கிட்ட சொல்லாதம்மா, பாவம்." யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். என் ஆதங்கமெல்லாம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய இடங்களைப் பற்றித்தான். சென்னையில் ஒரு பெரிய வணிக வளாகத்தில், உலகமெல்லாம் கிளை இருக்கும் ஒரு சங்கிலிக் கடையில், உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் கிடைக்குமா என்று கேட்டேன். கவுன்டர் பெண்ணுக்குத் தெரியவில்லை. மேனேஜர் வந்தார். கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். வறுவலுக்கு நேரே கோதுமை என்ற கட்டம் காலியாக இருந்தது. இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ரொட்டித் தூள் பூசிய சிக்கன், பனீர் எல்லாம் அதே எண்ணெயில்தான் என்றார். அப்படியானால் வறுவலிலும் ஒட்டுமே என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "எண்ணெய் 180 டிகிரி மேடம். அந்தச் சூட்டுல எதுவா இருந்தாலும் செத்துடும்."

க்ளூட்டன் கிருமி இல்லை. அது சாவதற்கு உயிர் கிடையாது. கொதிக்கும் எண்ணெயிலும் அடுப்புத் தணலிலும் அது அப்படியேதான் இருக்கும். பரோட்டாவும் ரொட்டியும் வெந்தபிறகுதானே தின்கிறோம்? பொரிக்கும் எண்ணெயைப் பற்றி, தினமும் அதில் பொரிக்கிற கடையின் மேனேஜருக்கு, ஒரு தாய் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் வருட விதிகளின்படி, பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். க்ளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. க்ளூட்டன் இல்லாதது என்று அச்சடித்து விற்கும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறார்கள். பொட்டலமாக வருவதைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தட்டில் வருவதை எங்கே திருப்பிப் படிப்பது? பட்டியல் வைத்திருக்கும் பெரிய கடை எண்ணெயைப் பற்றிப் பேசுவதில்லை. எண்ணெயைக் கண்ணெதிரே வைத்திருக்கும் சின்னக் கடைக்குப் பட்டியலே தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை பசியோடு நிற்கிறாள்.

மாவையே சாப்பாடாகக் கொண்ட இத்தாலியில், 2005-ல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட, ஆஸ்பத்திரி உணவகங்களில் கேட்டவருக்கு க்ளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஓட்டல்காரர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் அதில் இடமிருக்கிறது. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் மெக்டொனால்ட்ஸ் கடைகளிலேயே க்ளூட்டன் இல்லாத பன் உண்டு. அவ்வளவு தூரம் நான் ஆசைப்படவில்லை. அமெரிக்காவில் 2012-ல் டாமினோஸ் க்ளூட்டன் இல்லாத பீட்சா அடையை அறிமுகம் செய்தபோது, எங்கள் அடுக்களையில் மற்ற மாவும் புழங்குகிறது, அதனால் சீலியாக் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. அதற்காக அங்கே பலர் அவர்களைத் திட்டினார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. எங்களால் முடியாது என்று ஒரு கடை வாய்விட்டுச் சொன்னால் நான் நன்றி சொல்லிவிட்டு வாழைப்பழம் வாங்கப் போய்விடுவேன். பிள்ளை மூன்று நாள் படுக்க வேண்டியிருக்காது.

நம்மிடம் கிடைப்பது "ஒண்ணும் ஆகாது." கல்யாண வீட்டில், ஓட்டலில், ரயிலில், எங்கே போனாலும் இந்த இரண்டு சொல். "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது." "நெய் ஊத்திக் குடுத்தா ஒண்ணும் ஆகாது." "சின்ன வயசுலயே இப்படிப் பழக்கினா அப்புறம் எதுவும் சேராது, ஒண்ணும் ஆகாது குடு." சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பை மறுக்கும்போது என் மகள் முகம் சுருங்குவதை அவர்கள் பார்ப்பதில்லை. இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. உடம்பு இளைக்க க்ளூட்டனை விடுகிறவர்கள் பெருகியபிறகு, நான் வாயைத் திறந்தாலே "டயட்டா மேடம்?" என்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளையின் பழைய புகைப்படத்தை ஒருதடவை ஒரு சூப்பர்வைசரிடம் எடுத்துக் காட்டிவிட்டேன். காட்டிய பிறகு மகள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதிலிருந்து காட்டுவதில்லை.

சிறுதானியம் வந்ததே, உங்களுக்கு நல்ல காலம்தான் என்றார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஊரெங்கும் பலகைகள் முளைத்தன. எனக்கும் மனம் துள்ளியது. கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எதிலும் க்ளூட்டன் கிடையாது. ஆசையோடு சிறுதானிய நூடுல்ஸ் வாங்கிப் பின்பக்கம் படித்தால் முதல் பெயர் மைதா. சிறுதானிய பிஸ்கட்டில் முதல் பெயர் கோதுமை மாவு. ஓட்டலில் கேழ்வரகு தோசை கேட்டால், முறுகலாக வர ரவை கலந்திருக்கிறது. தினைக்கு மரியாதை செய்கிறேன் என்று சொல்லித் தினையை ஊறுகாய் அளவுக்குப் போடுகிறார்கள். அந்தப் பலகையை நம்பி உள்ளே போகிற என்னைப் போன்றவளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒரே ஒருவரைச் சொல்ல வேண்டும். மணப்பாறைப் பக்கம், சாலையோரம், ஆறு மேஜை போட்ட ஒரு கடை. சப்ளையரிடம் கேட்டுப் பயனில்லை என்று நேராக அடுப்படி வாசலுக்குப் போய் நின்றேன். எல்லா ஊரிலும் நான் இதைத்தான் செய்கிறேன். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது, அடுப்பில் நிற்பவருக்குத்தான் தெரியும். மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "வேண்டாந்தாயி. இந்தக் கல்லுல இப்பதான் பரோட்டா எடுத்தேன். பிள்ளைக்கு இதுல ஊத்த மாட்டேன்" என்றார். ஏழு வருடத்தில் வேண்டாம் என்று ஒரு மாஸ்டர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் சாம்பாரில் என்ன பெருங்காயம் போடுகிறீர்கள் என்றேன். டப்பாவை எடுத்துவந்து, எனக்குக் கண்ணு தெரியாது, நீயே படி என்று கொடுத்தார். படித்துச் சொன்னேன். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தஞ்சு வருஷமா போடுறேன் தாயி, இதுல கோதுமை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே என்றார். பின்கட்டில் தன் வீட்டுச் சோறு வடித்திருப்பதாகச் சொல்லி, அதையும் தயிரையும் ஒரு புதுத் தட்டில் போட்டுக் கொடுத்தார். மகள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

வழியில் நான் நம்புகிற கடைகள் எல்லாம் இப்படிச் சின்னவைதான். காலையில் சைக்கிளில் வரும் இடியாப்பக்காரர், அவர் சம்பா கோதுமை இடியாப்பம் பிழியாதவராக இருந்தால். வெயில் நாளில் கம்பங்கூழ் வண்டி, தொட்டுக்கொள்ள மாங்காய் மட்டும். மோர் மிளகாயில் பெருங்காயம் இருக்கலாம், அதனால் தொடுவதில்லை. வேகவைத்த கடலை, பனங்கிழங்கு, சுட்ட சோளம். ஒரே பண்டத்தை ஒரே சட்டியில் செய்து விற்கிறவர்களிடம் எனக்குக் கேள்வி குறைவு. அவர்களுக்கும் பதில் சொல்ல எளிது.

உளுந்தூர்பேட்டையில் அன்று இரவு பக்கத்துப் பெட்டிக்கடையில் ஆறு வாழைப்பழமும் வறுத்த கடலையும் வாங்கிக் கொடுத்தேன். காரில் படுத்தபடியே தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.

வருகிற சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் தஞ்சாவூருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சுற்றுலா. பேருந்து காலை ஐந்தரைக்கு. இரண்டு வேளைக்கும் நானே கட்டிக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்று இரவு வகுப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு அக்கறை. "நீங்க கஷ்டப்பட வேண்டாம் மேடம். மதியம் சாப்பிடுற ஓட்டல்ல நானே பேசிட்டேன். பாப்பாவுக்கு மட்டும் தனியா, கோதுமையே சேக்காம, ரவா கிச்சடி பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டாங்க."

நன்றி சொன்னேன். பிறகு, ரவை எதிலிருந்து வருகிறது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.